போர்டு நின்றால் பழி பேட்டரி மேலா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு பாதி வழியில் நின்றுபோனால் வாயில் வரும் முதல் பேச்சு "பேட்டரி போச்சு" என்பதுதான். அடுத்து, புது பேக் எங்கே கிடைக்கும் என்ற விசாரணை. அது கிடைக்காத நேரம் பார்த்து, "பி.எம்.எஸ்.ஸைத் தூக்கிட்டு நேரடியா கனெக்‌ஷன் கொடுத்துடலாம், ஓடும்" என்று யோசனை சொல்ல யாராவது வந்துவிடுகிறார்கள். அதைக் கேட்டு யாரும் பேட்டரியில் கை வைத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். நின்றுபோகும் போர்டுகளில் பல, தங்களைக் காத்துக்கொள்ளத்தான் நிற்கின்றன. எதற்காக நின்றது என்று கண்டுபிடிப்பது நினைப்பதைவிட எளிது.

முதலில் பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பேட்டரி பேக், அதற்குக் காவல் நிற்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஈ.எஸ்.சி., பிறகு மோட்டார். பரவலாகக் கிடைக்கும் 10எஸ் பேக்கில் லித்தியம் அயான் செல்கள் பத்துத் தொகுதிகளாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு தொகுதிக்கு 3.6 வோல்ட் என்று கணக்கு. ஆகவே பேக் 36 வோல்ட். முழுச் சார்ஜில் தொகுதிக்கு 4.2, மொத்தம் 42. ஒரு தொகுதி மூன்று வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் காலி என்று கொள்ளலாம்.

"சார்ஜரில் பச்சை எரியுது, ஃபுல் ஆயிடுச்சு"

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. தன் வழியாகக் கரண்ட் போகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். போகும்வரை சிவப்பு, ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் பச்சை. பேட்டரி நிறைந்தாலும் கரண்ட் குறையும். சார்ஜ் போர்ட்டுக்குப் பின்னால் ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தாலும் கரண்ட் போகாது. இரண்டுக்கும் ஒரே பச்சைதான். ஓட்டி முடித்த போர்டில் செருகிய மறுநொடியே பச்சை எரிந்தால் சார்ஜ் ஏறவே இல்லை என்று பொருள்.

மல்டிமீட்டரை டி.சி. 200 வோல்ட்டில் வைத்து சார்ஜரின் முனையை அளந்து பாருங்கள். 42 வோல்ட்டை ஒட்டி வந்தால் சந்தேகத்தைப் போர்ட் பக்கமும் அதன் ஃப்யூஸ் பக்கமும் திருப்பலாம். போர்ட்டுக்குள் இருக்கும் பின் ஆடுவது சாதாரணமாக நடக்கும் விஷயம். முனை பொருந்துகிறதே என்று வேறு சார்ஜரைச் செருகுவது மட்டும் வேண்டாம்; 12எஸ் பேக்குக்கான சார்ஜர் 50.4 வோல்ட் தரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த போர்டு என்றால் சார்ஜர் லேபிளில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

"மீட்டர் நல்ல வோல்ட் காட்டுது, அப்போ பேட்டரியில் குறை இல்லை"

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். சமதரையில் போர்டு நன்றாக ஓடும். மேம்பாலம் ஏறும்போது சட்டென்று நின்றுவிடும். அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். வீட்டுக்கு வந்து அளந்தால் 35 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

சும்மா கிடக்கும்போது காட்டும் வோல்ட் வேறு, லோடு ஏறும்போது இருக்கும் வோல்ட் வேறு. ஒவ்வொரு பேக்குக்கும் உள்ளே ஒரு மின்தடை உண்டு. அது 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மேடு ஏற 20 ஆம்ப் இழுத்தால் 3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். செல்லுக்கு வயதாக ஆக இந்தத் தடை கூடும், குளிரிலும் கூடும். ஏற்றம் முடிந்து கரண்ட் குறைந்ததும் வோல்ட் பழையபடி ஏறிக்கொள்ளும்.

அதைவிட முக்கியம், பத்துத் தொகுதிகளும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஒன்பது தொகுதிகள் 3.65 வோல்ட்டிலும் ஒன்று மட்டும் 2.70 வோல்ட்டிலும் இருந்தால் மொத்தம் 35.55. வெளியிலிருந்து அளப்பவருக்கு இது ஓரளவு சார்ஜ் உள்ள நல்ல பேக். பி.எம்.எஸ். ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அந்த ஒன்று எல்லைக்குக் கீழே போனதும் மொத்தத்தையும் அணைத்துவிடுகிறது. எனவே பேக்கைச் சோதிக்கக் கொடுக்கும்போது, "ஒவ்வொரு தொகுதியையும் தனியாக அளந்து, எண்களை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். வித்தியாசம் சிறிதாக இருந்தால் சார்ஜரைப் பாதியில் பிடுங்கிவிடாமல், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போட்டுக் கடைசிவரை விட்டுவைப்பதிலேயே சமனாகிவிட வாய்ப்பு உண்டு; பல பி.எம்.எஸ்.கள் முழுச் சார்ஜை நெருங்கும்போதுதான் தொகுதிகளைச் சமன் செய்கின்றன.

சில சமயம் செல்கள் எல்லாம் நன்றாக இருக்கும், கோளாறு கனெக்டரில் இருக்கும். பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் எக்ஸ்.டி.60 கனெக்டர் இருக்கும். அதைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ ஓரம் லேசாக உருகியிருந்தாலோ, அந்த இடத்தில் சூடு ஏறுகிறது. சால்டரிங் விட்டிருக்கிறது, அல்லது பின் தளர்ந்திருக்கிறது. நம் சாலைகளின் அதிர்வில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கனெக்டரை மாற்றும் செலவு, புது பேக்கின் விலையில் ஒரு துளிகூட ஆகாது. மறுபடி செருகும்போது சின்னதாகப் பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், ஈ.எஸ்.சி.யில் உள்ள கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது அப்படித்தான் ஆகும்.

"பி.எம்.எஸ்.தான் மக்கர் பண்ணுது, எடுத்துட்டா சரியாயிடும்"

ஓடும், உண்மைதான். அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு பரவியிருக்கிறது.

பி.எம்.எஸ். இல்லாத பேக்கில் அந்தப் பலவீனமான தொகுதி 2 வோல்ட்டுக்கும் கீழே இழுபடும். அவ்வளவு இறங்கிய செல்லுக்குள், எதிர்முனைத் தகடாக இருக்கும் செப்புத் தாள் கரையத் தொடங்குகிறது. திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செப்பு வேண்டாத இடங்களில் படிந்து, செல்லுக்கு உள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்கிறது. சார்ஜிலும் ஆபத்து உண்டு. மொத்தம் 42 வோல்ட் வரும்வரை சார்ஜர் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு தொகுதி பின்தங்கினால் மற்றவை 4.2-ஐத் தாண்டும். அதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. மாதக்கணக்கில் மூலையில் கிடந்து வோல்ட் செத்த பேக்கை வேறு பேட்டரியிலிருந்து தட்டி எழுப்புவதும் இதே ரகம்தான். லித்தியம் செல் ஒன்று தீப்பிடித்தால் பக்கத்துச் செல்லுக்கும் பரவும், அணைந்ததுபோல் தோன்றி மறுபடியும் பற்றும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016 ஜூலையில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெற வைத்தது. காரணம் லித்தியம் பேட்டரி தீ. ஹோவர்போர்டு போன்ற வண்டிகளின் மின் அமைப்புக்கான யு.எல். 2272 என்ற பாதுகாப்புத் தரமும் அதே ஆண்டில்தான் வந்தது. பி.எம்.எஸ். உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. அப்போது அதே தொகுதி எண்ணிக்கைக்கும் ஆம்ப் அளவுக்கும் பொருந்தும் வேறொன்றைப் போட வேண்டும். அதையும் பழக்கம் உள்ளவர் கையில் விடுங்கள். பேக்கைத் திறப்பவர் யாராக இருந்தாலும் கையில் மோதிரம், உலோக வாட்ச் இருக்கக் கூடாது.

"முழுசாக் காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்"

நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் வகைக்கு இது பொருந்தாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே அதற்கு நல்லது. சில வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மே மாதத்தில் கார் டிக்கியில் முழுச் சார்ஜோடு போட்டுவைப்பதுபோல் செல்லை வேகமாகக் கிழடாக்கும் வேலை வேறில்லை.

"ஃபுல் சார்ஜில் கிளம்பினா எந்தப் பிரச்சினையும் வராது"

வீடு மேட்டில் இருந்தால் வரும். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. 42 வோல்ட்டில் நிற்கும் பேட்டரியில் அதற்கு இடமில்லை. வோல்ட் எல்லை தாண்டியதும் சில போர்டுகளில் பிரேக் பலவீனமாகும், சிலவற்றில் இணைப்பே துண்டிக்கப்படும், அதுவும் இறக்கத்தின் நடுவில். முதல் கிலோமீட்டரே இறக்கமாக இருப்பவர்கள் சார்ஜைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். புது பேக் வாங்கினாலும் இந்தக் கோளாறு தீராது.

"மழையில் நனைஞ்சா வெயில்ல காயவெச்சா போதும்"

வெயில் பேட்டரிக்குக் கெடுதல், அரிசி மூட்டைக்குள் வைப்பதால் பலன் இல்லை. உள்ளே போன தண்ணீர் பி.எம்.எஸ். தகட்டில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துவிடும். கோளாறு சில வாரம் கழித்துக்கூட வரலாம். நனைந்த போர்டை ஆன் செய்யாமல், சார்ஜிலும் போடாமல், மூடியைத் திறந்து பார்க்கக் கொடுங்கள்.

செல் உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ, சார்ஜ் போடாமலே சுட்டாலோ, சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பேக்கை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பைத் தொட்டியிலும் பழைய இரும்புக் கடையிலும் போட வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதும் இறக்குமதியாளர்கள் மீதும் வைத்திருக்கின்றன. வாங்கிய இடத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.