அஞ்சல் சர்வரின் டேட்டாபேஸ் பழுதானால்

மின்சாரம் திடீரென்று போய்த் திரும்பிய பின் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் டேட்டாபேஸ் திறக்க மறுக்குமானால், பதறிப்போய்ப் பழுதுபார்க்கும் கட்டளையைப் பிரயோகிப்பதற்கு முன்னால், டேட்டாபேஸ் அடங்கிய இ.டி.பி. கோப்பையும் அதனுடன் இருக்கும் லாக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதே உசிதம். இடம் போதவில்லை என்று லாக் கோப்புகளை அழித்துவிடும் புண்ணியவான்கள் உண்டு; 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஒவ்வொன்றும் 1 எம்.பி. அளவே உள்ள அந்தச் சிறு கோப்புகளில்தான், டேட்டாபேஸில் இன்னும் ஏறாத கடிதங்கள் இருக்கக்கூடும்.

அடுத்து, 'இஎஸ்இயூடில்' என்னும் கருவியை '/எம்ஹெச்' குறியுடன் ஓட்டிப் பார்த்தால் 'டர்ட்டி ஷட்டவுன்' என்று காட்டலாம். அதுவே சேதத்துக்கு அத்தாட்சியன்று. லாக்கில் உள்ளவை முழுவதும் டேட்டாபேஸில் சேரவில்லை, அவ்வளவுதான். 'லாக் ரிக்வயர்டு' என்ற வரியில் காணும் எண்களுக்குரிய கோப்புகள் யாவும் பழுதின்றி இருக்குமாயின், அவற்றை டேட்டாபேஸில் சேர்க்கும் '/ஆர்' என்ற குறியே பெரும்பாலும் காரியத்தை முடித்துவிடும். இல்லையேல், கடைசி பேக்கப்பை மீட்டு, அதற்குப் பிந்திய லாக்குகளில் எஞ்சியவற்றை வரிசை குலையாமல் அதன்மேல் ஓட்டுவது சிரேஷ்டம்.

முதலில் சொன்ன பழுதுபார்க்கும் கட்டளையான '/பி' என்பது அந்திம சிகிச்சை. படிக்க முடியாத பக்கங்களை அது ஈவிரக்கமின்றி எறிந்துவிடும். வேறு கதியின்றி அதைச் செய்தவர்கள், டேட்டாபேஸ் திறந்துகொண்டதே என்ற ஆறுதலில் அதிலேயே காலம் தள்ளாமல், அஞ்சல்பெட்டிகள் யாவற்றையும் புதிய டேட்டாபேஸுக்கு உடனே மாற்றிவிட வேண்டும்.