சுறாப்பல்லைப் பேணுதல்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரைச் சூழ்ந்த வறண்ட நிலம், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சுறாக்களின் பற்கள் கல்லாக மாறி, அங்குள்ள மண்ணிற் கிடைத்துள்ளன. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பாலாயது. ஆதலின் அது பெரும்பாலும் மக்கி மறையும். வலிய பல்லே எஞ்சும்.

அப்பல்லைத் தூய்மை செய்ய மெல்லிய தூரிகையும் நன்னீரும் போதும். வெடிப்புற்ற பல்லில் நீர் படலாகாது. உலர்ந்த தூரிகையாலேயே மண்ணை அகற்றுக. காடி முதலிய புளிப்புப் பொருள்கள் பல்லை அரிக்கும். அவற்றை அறவே விலக்குக. நனைந்த பல்லை நிழலில் உலர்த்திப் பஞ்சு பரப்பிய பேழையில் இடுக. எடுத்த இடமும் நாளும் குறித்த சீட்டையும் உடன் வைத்தல் வேண்டும். சீட்டில்லாத பல் காட்சிக்கு அழகியதே. எனினும், எந்நிலத்தில் எக்காலத்துக் கடல் பரந்திருந்தது என்பதற்கு அது சான்றாகாது.