மேடையேறிய மலைப்பாடல்கள்

நுழையும்முன்

ஒரு மக்களின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதில்லை. தமக்கெனத் தனி எழுத்து இல்லாத மக்கள், தம் முன்னோர் கதையைப் பாட்டிலும் ஆட்டத்திலும் சேர்த்து வைத்தனர். அப்பாட்டும் ஆட்டமும் ஊர் மன்றத்தை விட்டு அரங்கிற்கு வரும்போது எவற்றைப் பெறுகின்றன? எவற்றை இழக்கின்றன? நாகாலாந்து மாநிலத்தின் இருவாச்சி விழாவின்வழி இதனை அறிவோம்.

கிசாமாவில் பத்து நாள்கள்

இந்தியாவின் வடகிழக்கு எல்லையில், மியான்மர் நாட்டை ஒட்டி அமைந்த மலைமாநிலம் நாகாலாந்து. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இது நாட்டின் 16-ஆவது மாநிலமாக உருவாயிற்று. 2011-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர். இச்சிறு மாநிலத்தில் அங்காமி, ஆவோ, கொன்யாக், சுமி, லோத்தா, சாக்கேசாங், சாங் எனப் பல பழங்குடியினர் வாழ்கின்றனர். ஒவ்வொரு குடியினருக்கும் தனி மொழியும், உடையும், விழாவும் உண்டு. ஒரு குடியின் மொழி மற்றொரு குடிக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. ஆகவே சந்தையிலும் தெருவிலும் அசாமிய மொழியின் அடிப்படையில் உருவான நாகமீஸ் பொதுமொழியாக விளங்குகிறது. மாநில ஆட்சிமொழியோ ஆங்கிலம்.

இவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் கூடி ஆடவும் பாடவும் மாநில அரசு 2000-ஆம் ஆண்டில் ஒரு விழாவைத் தொடங்கியது. அதுவே இருவாச்சி விழா. நாகர்களின் கதைகளிலும் தலையணிகளிலும் இடம்பெறும் இருவாச்சிப் பறவையின் பெயரே விழாவின் பெயராயிற்று. இவ்விழா ஆண்டுதோறும் டிசம்பர் முதல் நாள் தொடங்கிப் பத்து நாள்கள் நடைபெறுகிறது.

விழா நிகழும் இடம் கிசாமா என்னும் மரபுச் சிற்றூர். இது தலைநகர் கோகிமாவிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிக்வேமா, பேசமா என்னும் அண்டை ஊர்கள் இரண்டின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகளோடு, ஊர் என்று பொருள்படும் 'மா' என்னும் சொல்லைச் சேர்த்து இப்பெயர் அமைந்தது. மலைச்சரிவில் ஒவ்வொரு குடியினருக்கும் அவரவர் மரபுப்படி கட்டிய 'மொரங்' என்னும் இல்லம் நிற்கிறது. நடுவே திறந்தவெளி அரங்கம். சுற்றிலும் பார்வையாளர் இருக்கைகள்.

மொரங் என்னும் பள்ளி

பழைய நாகர் ஊர்களில் மொரங் என்பது இளைஞர்கள் இரவில் தங்கும் பொது இல்லமாகும். ஊரைக் காவல் காத்தவர்கள் அவர்களே. அங்கு ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை. முதியோர் பாடினர், இளையோர் கேட்டுப் பாடினர். எந்த மலையிலிருந்து முன்னோர் வந்தனர், எந்த ஊரோடு நட்பு, எந்த ஊரோடு பகை, எந்த நாளில் விதைக்க வேண்டும் என்பனவெல்லாம் பாட்டாகவும் கதையாகவும் தலைமுறை கடந்தன.

சாங், கொன்யாக், ஆவோ முதலியோர் ஊர்களில் மொரங்கின் அருகே மரமுரசு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். தோல் போர்த்திய முரசு அன்று இது. பெருமரம் ஒன்றை வெட்டி, அதன் மேற்புறத்தில் நீண்ட பிளவிட்டு, அப்பிளவின் வழியே உள்ளிருப்பதைக் குடைந்து எடுப்பர். காட்டிலிருந்து அதனை ஊருக்கு இழுத்துவர ஊரே திரளும். பலர் வரிசையாக நின்று, மரக்கட்டைகளால் ஒரே நேரத்தில் அதனை அடிப்பர். தீப்பற்றினால் ஓர் அடி, பகைவர் வந்தால் வேறோர் அடி, இறப்புக்கு ஒன்று, விழாவுக்கு ஒன்று என முழக்கங்கள் வேறுபடும். முழக்கத்தைக் கேட்ட அளவிலேயே செய்தி இன்னதென ஊரார் அறிந்துகொள்வர்.

வயலில் பிறந்த இசை

அங்காமி, சாக்கேசாங் மக்கள் மலைச்சரிவை வெட்டி அடுக்கு வயல்கள் அமைத்து நெல் விளைவிப்பவர்கள். நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் கதிர் சுமக்கும்போதும் அவர்கள் பாடுவர். ஒரு குழு தொடங்கும். மறு குழு எதிர்க்குரல் கொடுக்கும். இருவேறு குரல்கள் ஒரே நேரத்தில் இணைந்து ஒலிக்கும் இந்தப் பல்குரல் இசை, தனிக்குரலுக்கு முதன்மை தரும் இசை மரபுகளிலிருந்து வேறுபட்டது. ஒருவர் மட்டும் இதனைப் பாட இயலாது. மற்றவர் குரலைக் கேட்டுத் தம் குரலைப் பொருத்தினால்தான் பாட்டு முழுமை பெறும். வேலையும் அப்படியே. ஒருவர் வயலில் இன்று எல்லோரும் உழைப்பர். நாளை அடுத்தவர் வயலுக்குச் செல்வர். பேக் என்னும் ஊரின் இத்தகைய வயற்பாடல்களைப் பற்றி, 'கோ கி பா லூ' என்னும் ஆவணப்படம் 2017-ஆம் ஆண்டு வெளிவந்தது.

வீட்டில் பாடுவதற்குத் 'தாத்தி' என்னும் ஒற்றை நரம்புக் கருவி துணையாகும். காய்ந்த சுரைக்குடுக்கை அதன் ஒலியைப் பெருக்கும்.

பாட்டு நின்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் நாகர் மலைகளுக்கு வந்தனர். பள்ளிகள் தோன்றின. நாகர் மொழிகள் உரோமன் எழுத்தில் எழுதப்பட்டன. இன்று இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர். எழுத்தறிவு வளர்ந்த அக்காலத்திலேயே பழைய விழாக்களும் அவற்றோடு இணைந்த ஆட்டங்களும் சமயத்திற்கு மாறானவை எனக் கருதப்பட்டன. மொரங்குகள் பல வெறுமையாயின. இளையோர் பகலில் பள்ளிக்குச் சென்றனர். ஞாயிறன்று தேவாலயத்தில் பாடினர். முதியோரின் பாடல்களைக் கேட்டுக் கற்கும் வாய்ப்பு சுருங்கியது.

எனவே கிசாமா அரங்கைக் கேளிக்கைக்குரிய மேடையாக மட்டும் கருதுதல் பொருந்தாது. ஒரு காலத்தில் கைவிடப்பட்டவற்றைப் பலர் முன்னிலையில் மீண்டும் பெருமையோடு எடுத்து நிறுத்தும் இடம் அது.

மேடை தந்தவை

மேடை தந்த முதல் நன்மை கற்றல். அரங்கில் ஆடவேண்டுமெனில் அடவு தெரிய வேண்டும். பாட்டுத் தெரிய வேண்டும். அவற்றை அறிந்தவர் ஊரிலுள்ள முதியோரே. ஆகவே இளையோர் அவர்களை நாடிச் செல்கின்றனர்.

இரண்டாம் நன்மை இணக்கம். முற்காலத்தில் நாகர் ஊர்கள் பல ஒன்றோடொன்று போரிட்டன. வீரர்களின் போர்க்குரல் அண்டை ஊருக்கு அச்சமூட்டும் ஒலியாக இருந்தது. இன்று அதே குரல் கிசாமா அரங்கில் எழுகிறது. பழம்பகைவரின் வழிவந்தோர் இருக்கையில் அமர்ந்து கைதட்டுகின்றனர்.

மூன்றாம் நன்மை அறிமுகம். வடகிழக்கு மாநில மக்களை ஒரே கூட்டமாக எண்ணும் பிற மாநிலத்தார், அங்கு எத்தனை மொழிகள், எத்தனை மரபுகள் உள்ளன என்பதை நேரில் காண்கின்றனர்.

மேடை தர இயலாதவை

அங்காமி மக்களின் 'செக்ரென்யி' விழா பிப்ரவரி மாதத்தில் வருவது. ஊர்க்கிணற்று நீரில் நீராடித் தூய்மை பெறுவது அதன் தொடக்கம். பத்து நாள் நீளும் அவ்விழாவில், இளைஞரும் இளம்பெண்களும் ஒருங்கே அமர்ந்து நாள் முழுவதும் மரபுப் பாடல்களைப் பாடும் பகுதியும் உண்டு. கொன்யாக் மக்களின் 'ஆவோலியாங்' ஏப்ரலிலும், ஆவோ மக்களின் 'மோவாட்சு' மே மாதத்திலும், லோத்தா மக்களின் 'தோக்கு எமோங்' நவம்பரிலும் கொண்டாடப்படுகின்றன. விதைப்பு, அறுவடை என்னும் உழவுப் பணிகளோடு இவ்விழாக்கள் பிணைந்தவை.

அரங்கிலோ ஒவ்வொரு குழுவுக்கும் கிடைப்பவை சில நிமிடங்களே. விதைப்பாட்டு டிசம்பர்க் குளிரில், விதையும் வயலும் இல்லாத இடத்தில் ஒலிக்கிறது. ஊரில் வட்டமாகச் சுற்றி ஆடும்போது ஆடுவோர் ஒருவரையொருவர் நோக்கி நிற்பர், விரும்பியவர் கைகோத்துக்கொள்ளலாம். மேடையில் அவ்வட்டம் திறந்து பார்வையாளரை நோக்குகிறது. ஆடுவோர் வேறு, காண்போர் வேறு எனப் பிரிந்துவிடுகிறது. பாட்டின் சொற்கள் அவையில் பலருக்குப் புரிவதில்லை. அறிவிப்பாளர் கூறும் சுருக்கமே அவர்களுக்குக் கிடைக்கும் பொருள்.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. ஆடுவோருக்கே பாட்டின் பொருள் தெரியாமற் போகும் நிலை வரலாம். அடவை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். பாட்டிலுள்ள பழஞ்சொல் எதைக் குறிக்கிறது, அதனை யார் யாரிடம் பாடினர் என்பவற்றை அறிய, அம்மொழி நாள்தோறும் வீட்டில் வழங்க வேண்டும். கல்விக்காகவும் வேலைக்காகவும் தொலைநகரங்களுக்குச் சென்ற குடும்பங்களில் இது எளிதன்று.

மேடை ஒரு மரபை உலகுக்குக் காட்டும். அம்மரபை உயிரோடு வைத்திருக்கும் பணியோ, டிசம்பர் பதினோராம் நாள் குழுவினர் ஊர் திரும்பிய பின் வயலிலும் அடுப்பங்கரையிலும் தொடங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

இருவாச்சி, பெரிய வளைந்த அலகின்மீது கொம்பு போன்ற அமைப்பையும் உடைய பறவை. பெரும் இருவாச்சி வடகிழக்கு மலைகளில் மட்டுமன்றி, ஆனைமலை உள்ளிட்ட மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கிறது. பெண் பறவை மரப்பொந்தில் புகுந்து சிறு துளை விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும்; ஆண் பறவை அத்துளை வழியே உணவூட்டும். இறகுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டதால் இதன் எண்ணிக்கை குறைந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதனை வேட்டையாடுதல் குற்றம். இன்று தலையணிகளில் செயற்கை இறகுகளும் பயன்படுகின்றன.

சொல்லும் பொருளும்

மன்றம் – ஊரார் கூடும் பொது இடம்
அடவு – ஆட்டத்தின் அசைவு முறை
முழக்கம் – பேரொலி
அடுக்கு வயல் – மலைச்சரிவில் படிப்படியாக அமைத்த வயல்
இணக்கம் – ஒத்துப்போதல்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. நாகர் குடிகளிடையே பொதுமொழியாக விளங்குவது ______
(அ) அசாமியம் (ஆ) நாகமீஸ் (இ) இந்தி
2. செக்ரென்யி விழாவைக் கொண்டாடுவோர் ______
(அ) கொன்யாக் (ஆ) லோத்தா (இ) அங்காமி

ஆ. பிரித்து எழுதுக.
பழங்குடி, பெருமரம், ஊர்க்கிணறு

இ. குறுவினா
1. கிசாமா என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. மரமுரசு எவ்வாறு செய்யப்படுகிறது?

ஈ. சிறுவினா
1. மொரங்கை ஒரு பள்ளி எனக் கூறுவது பொருந்துமா? காரணம் தருக.
2. மேடையால் விளைந்த நன்மைகள் மூன்றினை எழுதுக.

உ. சிந்தனை வினா
பொருள் அறியாமல் ஆடும் ஆட்டம், பொருள் அறிந்து ஆடும் ஆட்டம் ஆகியவற்றிடையே காண்போருக்கு வேறுபாடு தெரியுமா? ஆடுவோருக்குத் தெரியுமா? உம் கருத்தை எழுதுக.

கற்பவை கற்றபின்

1. ஊரிலுள்ள பாட்டி அல்லது தாத்தாவிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் அறிந்த தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மிப்பாட்டு ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு எழுதுக. புரியாத சொற்களுக்கு அவர்களிடமே பொருள் கேட்க. அப்பாட்டை எப்போது, யாரோடு சேர்ந்து பாடினர் என்பதையும் குறித்துக்கொள்க.
2. வேறு மொழி பேசும் வகுப்புத் தோழர் ஒருவரிடம் அவர் வீட்டில் பாடும் பாடல் ஒன்றைக் கேட்டு, அதன் பொருளைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.