52-இல் 27 போனால் ஏன் 35?

கேள்வி: என் மகன் திருச்சியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தினமும் விளக்கு வைத்ததும் என் மாமியார் அவனை உட்கார வைத்து 16-ஆம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கச் சொல்வார். தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவான். ஆனால் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதுகிறான். இந்த மாதிரிக் கணக்கில் எப்போதுமே இப்படித்தான். கவனக்குறைவு என்கிறார் அவன் அப்பா. எனக்கோ சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் பயம். டியூஷனில் சேர்த்துவிடலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய சொல் ‘எப்போதுமே’. கவனம் சிதறுகிற பிள்ளையின் தவறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு 24, நாளைக்கு 26, மறுநாள் சரியாகவே 25. உங்கள் மகன் அப்படி அலையவில்லை. 81-இலிருந்து 46-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 45 என்று எழுதுவான் என்று நினைக்கிறேன். விடையை முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்றால் அதன் பின்னால் ஒரு விதி இருக்கிறது.

அந்த விதி இதுதான்: பெரியதிலிருந்து சின்னதை எடு. 2-இலிருந்து 7 போகாது, ஆகவே 7-இலிருந்து 2-ஐ எடுத்து 5 என்று போடுகிறான். அடுத்த வரிசையில் 5-இலிருந்து 2 போக 3. விடை 35. முதல் வகுப்பில் இந்த விதி சரியாகவே இருந்தது. அதை அவன் விசுவாசமாக மூன்றாம் வகுப்பு வரை கொண்டுவந்திருக்கிறான். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் விடைகளை ஆராய்ந்து 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தவறுகளில் பல, பிசகான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று அது காட்டியது. உங்கள் மகனின் விதி அந்த ஆய்வுலகில் நன்கு அறிமுகமான ஒன்று. ஆகவே இன்னும் 50 கணக்கு போடு என்று உட்கார வைத்தால், அந்தப் பிசகுதான் 50 தடவை கையில் பழகும்.

உங்கள் மாமியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாய்ப்பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்த பிள்ளைகள் அரை, கால், மாகாணி என்று இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை வாயால் சொன்னார்கள். நெல்லளக்கவும் நிலமளக்கவும் அது கைகொடுத்தது. நாளைக்குப் பெருக்கலும் வகுத்தலும் வரும்போது உங்கள் மகனுக்கும் அந்த ஒப்பித்தல் உதவும். இப்போது அவனுக்கு இடறும் இடம் வேறு. அதன் பெயர் இடமதிப்பு: ஓர் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறுவது. 52-இல் உள்ள 5 என்பது ஐந்து அல்ல, ஐம்பது.

இதை அவன் உள்ளபடி அறிந்திருக்கிறானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு தாளில் 16 என்று எழுதி, பக்கத்தில் 16 புளியங்கொட்டைகளை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். பிறகு 6-ஐத் தொட்டுக் காட்டி, “இதுக்கு எவ்வளவு கொட்டைப்பா?” என்று கேளுங்கள். ஆறைப் பிரித்துக் காட்டுவான். அடுத்து 1-ஐத் தொட்டுக் கேளுங்கள். பத்தையும் காட்டினால் நல்லது. ஒரே ஒரு கொட்டையை எடுத்துக் காட்டினால் திட்டாதீர்கள். மீதி ஒன்பது யாருடையது என்று மட்டும் கேட்டுவிட்டு அவனை யோசிக்க விடுங்கள். 16-ஆம் வாய்ப்பாட்டை மளமளவென்று சொல்லும் பிள்ளையும் இங்கே தயங்கி நிற்பதுண்டு.

இனி வழி. ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் அவன் கையில் கொடுங்கள். நீங்கள் கடைக்காரர், 27 ரூபாய் கேளுங்கள். இரண்டு நோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வான். ஏழு நாணயத்துக்கு எங்கே போவான்? கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, “பத்து ரூபாய்க்குச் சில்லறை கொடுங்க” என்பான். அதை அவன் வாயாலேயே கேட்கும் வரை காத்திருங்கள்; முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பாதிப் பலன் போய்விடும். நோட்டு ஒன்று பத்து நாணயமாக மாறியதும் அவனிடம் நான்கு நோட்டும் 12 நாணயமும் இருக்கும். 27 கொடுத்தால் மீதி இரண்டு நோட்டு, ஐந்து நாணயம். பாடநூல் இனமாற்றம் என்பதும், நாம் கடன் வாங்குவது என்பதும் இதைத்தான்: ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவது.

உடனே அதே கணக்கை நோட்டுப் புத்தகத்தில் போட வையுங்கள். 5-ஐ அடித்து 4 எழுதும்போது, எந்த நோட்டு போயிற்று என்று கேளுங்கள். 2-க்குப் பக்கத்தில் 1 போட்டு 12 ஆக்கும்போது, அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பணத்துக்குப் பதிலாக ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டியும் செய்யலாம். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கணக்கு போதும்.

காகிதத்தோடு சேர்த்துச் செய்வதை வற்புறுத்திச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. காந்தி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனால் கணக்கு தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சுமார் 1,400 பிள்ளைகளை, பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து, 2025-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எடைக்கு விலை போட்டுப் பாக்கிச் சில்லறை வரை மனக்கணக்காகச் சொன்ன பிள்ளைகளில் பலர், பாடநூல் பாணிக் கழித்தலிலும் வகுத்தலிலும் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாடநூல் கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். இந்த முடிவு என்னை வருத்துகிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் கெட்டிக்காரப் பிள்ளைகள். இடையில் பாலம் போட ஆள் இல்லை. அந்த வேலையை வீட்டில் நீங்கள் செய்ய முடியும்: தெற்கு வாசல் கடைகளில் ஏதாவது வாங்கிப் பாக்கி எண்ணிய அன்றைக்கே, அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்ப்பது.

இன்னொரு வழியும் சொல்லிவைக்கிறேன், இது கடைக்காரர்கள் பாக்கி கொடுக்கும் வழி. 27-இலிருந்து 30-க்கு 3, அங்கிருந்து 50-க்கு 20, பிறகு 52-க்கு 2, ஆக 25. உங்கள் ஊரிலேயே இதற்கு அருமையான கணக்கு நிற்கிறது. 13 நிலையும் 236 அடியுமாக எழுந்த ராஜகோபுரம் 1987-இல் சம்ப்ரோட்சணம் என்னும் குடமுழுக்கு கண்டது. 2025-இல் அதற்கு என்ன வயது? உங்கள் மகன் தன் விதிப்படி போட்டால் 1962 வரும். அதைக் கேட்டு அவனே சிரிப்பான், பாட்டிக்குத் தெரிந்த காலத்தில் கட்டி முடித்த கோபுரம் ஆயிற்றே! விடை நடக்கக்கூடியதா என்று நிதானிக்கும் இந்தப் பழக்கத்துக்கு உத்தேச மதிப்பு பார்ப்பது என்று பெயர். கழித்தலைவிடப் பெரிய சொத்து அது. பிறகு ஏறி எண்ணட்டும்: 2000 வரை 13, அதற்கு மேல் 25, மொத்தம் 38.

மாமியார் வேறு முறையில் கழிக்கிறவராக இருக்கலாம். மேலே 12-இல் 7 போக 5 என்று போட்டு, கீழே உள்ள 2-ஐ 3 ஆக்கி, 5-இல் 3 போக 2 என்பார்கள் சில பெரியவர்கள். அதுவும் சரியான முறைதான். இரு எண்களிலும் பத்தைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது. ஆனால் பள்ளி முறை கைவரும் வரை அதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. கணக்குக்குப் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது, பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது. அதே பயம் உள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். திருத்துகிற வேலையை ஆசிரியருக்கு விடுங்கள். கடை விளையாட்டும் கேள்வி கேட்பதும் உங்களுக்கு. “எனக்கே கணக்கு வராதுடா” என்பதை மட்டும் அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

டியூஷன் இப்போது வேண்டாம். அங்கே கிடைக்கப்போவது பெரும்பாலும் இன்னும் நிறையக் கணக்குகள். அவனுக்குத் தேவை அது அல்ல. பதிலாக அவன் வகுப்பாசிரியரைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்தப் பள்ளியானாலும் ஆசிரியரிடம் மகனின் கற்றல் நிலையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘கணக்கில் வீக்’ என்று சொல்லாமல், “கழித்தலில் இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை, பெரியதிலிருந்து சின்னதை எடுக்கிறான்” என்று சொல்லுங்கள். எங்கே தொடங்குவது என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.