ஐந்து சுரம் போதும்! குழந்தைகளுக்கு மெட்டுப் போடக் கற்றுக்கொடுப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், குழந்தையின் கைக்கு மவுஸ் போனதும் முதலில் திறப்பது கேம்ஸ் அல்லது வீடியோதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அதே கம்ப்யூட்டரில் ஒரு குழந்தை தானே ஒரு சின்ன மெட்டைப் போட்டு, உடனே அதைக் கேட்கவும் முடியும். இதற்குப் பணம் கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம். உங்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. என் அக்கா மகளுக்கு நான் கற்றுக்கொடுத்த முறையை, நான் செய்த தவறுகளையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

அவளுக்கு எட்டு வயது. பாட்டு வகுப்பில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் "உனக்குச் சுருதி சேரவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் பாடுவதையே விட்டுவிட்டாள். குரல் சுருதியில் நிற்பது ஒன்று, மனதில் மெட்டுத் தோன்றுவது இன்னொன்று. கம்ப்யூட்டரில் சுருதியை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். எந்தச் சுரத்துக்குப் பிறகு எந்தச் சுரம் என்பதை மட்டும் குழந்தை முடிவு செய்தால் போதும். இதை நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

முதல் முயற்சி தோல்வி. பெரியவர்கள் பயன்படுத்தும் மியூசிக் சாஃப்ட்வேர் ஒன்றை டவுன்லோடு செய்து, அவள் முன் திறந்து வைத்தேன். பல டிராக்குகள், ஏராளமான வாத்தியங்கள், எங்கு பார்த்தாலும் பட்டன்கள். அரை மணி நேரம் டிரம்ஸ் சத்தத்தை மட்டும் மாற்றி மாற்றி அழுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். தவறு அவளுடையது அல்ல. புதிதாகக் கற்பவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தால் எதையும் செய்யத் தோன்றாது. குறைவாகக் கொடுக்க வேண்டும். இந்தப் பாடத்தின் சாரமே இதுதான்.

ஏன் ஐந்து சுரம்?

ச ரி க ம ப த நி என்று ஏழு சுரங்கள் நமக்குத் தெரியும். மேற்கத்திய மேஜர் ஸ்கேலில் (நம் சங்கராபரணத்தின் சுரங்கள்) க-வுக்கும் ம-வுக்கும் இடையிலும், நி-க்கும் மேல் ச-வுக்கும் இடையிலும் தூரம் மிகக் குறைவு, அரைச் சுரம்தான். இப்படி நெருங்கிய இரண்டு சுரங்கள் ஒன்றாகவோ, இடம் தெரியாமலோ ஒலித்தால் காதில் உரசுவதுபோல் இருக்கும். ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. இவற்றில் அரைச் சுர நெருக்கம் எங்குமே இல்லை. குழந்தை எதை அழுத்தினாலும் கேட்கும்படி இருக்கும். இதை ஆங்கிலத்தில் பெண்டடானிக் ஸ்கேல் என்பார்கள். நம் மோகன ராகத்தின் சுரங்களும் இவையே.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், தன்னோடு பணியாற்றிய குனில்ட் கீட்மனுடன் சேர்ந்து குழந்தைகளுக்கான இசைப் பாடங்களை 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அதில் ஆரம்பப் பாடங்கள் ஐந்து சுரத்தில்தான் இருக்கும். இந்த முறையில் பயன்படும் சைலஃபோனில் கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். தேவையில்லாத சுரங்களின் கட்டைகளை ஆசிரியர் எடுத்துவிட்டால், குழந்தை பயமில்லாமல் தட்டும். நாம் கட்டையைக் கழற்றுவதற்குப் பதில் ஒரு மெனுவில் ஒரு கிளிக் செய்யப்போகிறோம்.

தேவையானவை

இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டர், ஒரு பிரவுசர், ஸ்பீக்கர் அல்லது ஹெட்ஃபோன். இவற்றுடன் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் அவசியம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கூகுளில் க்ரோம் மியூசிக் லேப் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். இது கூகுள் 2016-ல் வெளியிட்ட இலவசத் தளம். அதில் உள்ள சாங் மேக்கர் என்ற கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். லாகின், பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. கட்டம் கட்டமாக ஒரு திரை தோன்றும். இடமிருந்து வலமாகப் போவது நேரம். கீழிருந்து மேலே போவது சுரம். ஒரு கட்டத்தைக் கிளிக் செய்தால் அங்கே நிறம் வந்து சுரம் ஒலிக்கும். மறுபடி கிளிக் செய்தால் அழிந்துவிடும். அடியில் தனியாக உள்ள இரண்டு வரிசைகள் தாளத்துக்கு.

சத்தம் வரவில்லை என்றால் பதறாதீர்கள். டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து வால்யூம் மியூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசர் டேப் மியூட் ஆகியிருந்தாலும் சத்தம் வராது.

முதலில் செட்டிங்ஸ்

குழந்தையை அழைக்கும் முன்பே இதைச் செய்து வைத்துவிடுங்கள். கீழே உள்ள செட்டிங்ஸ் பட்டனைக் கிளிக் செய்து, பின்வருமாறு மாற்றுங்கள்.

லெங்த்: 4 பார்
பீட்ஸ் பர் பார்: 4
ஸ்பிளிட் பீட்ஸ் இன்டு: 2
ஸ்கேல்: பெண்டடானிக்
ஸ்டார்ட் ஆன்: மிடில், சி
ரேஞ்ச்: 1 ஆக்டேவ்

பிறகு டிக் குறியைக் கிளிக் செய்யுங்கள். அடி வரிசை ச. அதற்கு மேலே வரிசையாக ரி, க, ப, த. சி என்பது நம் பாட்டு வாத்தியார்கள் சொல்லும் ஒரு கட்டை. டெம்போவை 80-க்குக் குறைத்துவிடுங்கள். நான்கு பாருக்கு 16 அடிகள். நிமிடத்துக்கு 80 அடி என்றால் முழுப் பாட்டும் 12 வினாடிதான். கையில் தாளம் போட்டுப் பார்த்தால் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் சரியாக வரும்.

பாடம் 1: பேச்சிலிருந்து தாளம்

"ஒரு பாட்டுப் போடு" என்று சொன்னால் குழந்தை திகைத்து நிற்கும். "உனக்குப் பசித்தால் என்ன கேட்பாய்?" என்று கேளுங்கள். அவள் சொன்னது, "இட்லி வேணும், சட்னி வேணும்."

இதைக் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள். இட்-லி-வே-ணும்-சட்-னி-வே-ணும். எட்டுத் தட்டு. நம் செட்டிங்ஸில் ஒரு பாருக்குக் கட்டங்களும் எட்டு! அடி வரிசையில், அதாவது ச-வில், எட்டுக் கட்டங்களையும் கிளிக் செய்யச் சொல்லுங்கள். ப்ளே பட்டனை அழுத்தினால் ஒரே சுரத்தில் தடதடவென்று ஓடும். குழந்தை உடனே சொல்லும், "இது பாட்டு மாதிரி இல்லையே!"

அதுதான் நமக்கு வேண்டியது. "அப்படியானால் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மேலே ஏற்று" என்று சொல்லுங்கள். எதை ஏற்றுவது என்பது அவள் விருப்பம். ஒன்றை மாற்று, கேள். இன்னொன்றை மாற்று, கேள். மெட்டுப் போடுவது என்பது இந்த "மாற்று, கேள்" வேலைதான். அரை மணி நேரத்தில் அவள் நிறுத்திய இடம் இது.

ச ச க க ச ச க க

பாடம் 2: நான்கு வரி

ஒரு வரி கிடைத்ததும் புது வரிக்குத் தாவ வேண்டாம். பாட்டு நம் மனதில் நிற்பதற்குக் காரணம், வந்தது திரும்ப வருவதுதான். அதே சமயம் வந்ததே வந்துகொண்டிருந்தால் அலுத்துவிடும். ஆகவே நான்கு பாருக்கும் இப்படி வேலை கொடுங்கள்.

1-வது பார்: ஒரு வரி.
2-வது பார்: அதே வரி மறுபடியும்.
3-வது பார்: வேறு மாதிரி. மேல் சுரங்களில் இருந்தால் நல்லது.
4-வது பார்: கீழே இறங்கி, ச-வில் முடிவு.

நாங்கள் போட்டது இது. கமா உள்ள இடம் காலிக் கட்டம்.

இட்லி வேணும் சட்னி வேணும்: ச ச க க ச ச க க
அம்மா கொஞ்சம் சாம்பார் ஊத்து: ச ச க க ச ச க க
சூடா தோசை ஒண்ணு போடு: த த ப ப க க ப ப
போதும் போதும் போ: க க ரி ரி ச , , ,

கடைசி வரியில் மூன்று கட்டங்கள் காலியாக இருப்பதைக் கவனியுங்கள். மௌனமும் பாட்டில் ஒரு பகுதிதான் என்பதை விளக்க இதைவிட எளிய வழி இல்லை. அந்தக் கட்டங்களை நிரப்பிக் கேட்கவும், பிறகு அழித்துக் கேட்கவும் சொல்லுங்கள். குழந்தைக்கே வித்தியாசம் புரிந்துவிடும். அடியில் உள்ள தாள வரிசையில் ஒவ்வொரு பாரின் முதல் கட்டத்தையும் கிளிக் செய்தால் வரி தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும்.

பாடம் 3: வீடு திரும்புதல்

குழந்தையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ச-வில் முடியும் பாட்டை ஒருமுறை கேட்கட்டும். பிறகு கடைசிச் சுரத்தை மட்டும் ரி-க்கு மாற்றி ஒலிக்க விடுங்கள். "பாட்டு வீட்டுக்கு வந்ததா, வழியிலேயே நிற்கிறதா?" என்று கேளுங்கள். இசை படிக்காத குழந்தைக்கும் இது தெரிந்துவிடும். ச-தான் வீடு. மற்ற சுரங்கள் வெளியே போய்வரும் இடங்கள்.

இங்கேதான் என் அடுத்த தவறு. மறு வாரம் அவள் தானாகப் போட்ட ஒரு மெட்டு ரி-யில் முடிந்தது. நான் உடனே மவுஸை வாங்கி, அதை ச-வாக மாற்றிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "மாமா, அது கேள்வி. 'நாளைக்கு லீவா?'ன்னு கேக்குது. கேள்வி வீட்டுக்கு வரக்கூடாது இல்ல?" என்றாள். நான் கற்றுக்கொடுத்ததைப் புரிந்துகொண்டு, அதை வேண்டுமென்றே மீறியிருக்கிறாள்! பாட்டு வகுப்பில் நடந்ததையே நானும் செய்யப் பார்த்தேன் என்று வெட்கமாக இருந்தது. ரி-யைத் திரும்ப வைத்தேன்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு விதி. மவுஸ் குழந்தையின் கையில்தான் இருக்க வேண்டும். "இது தப்பு" என்று சொல்லாதீர்கள். "இங்கே என்ன நினைத்து வைத்தாய்?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அவளே மாற்றிக்கொள்வாள்.

மறக்காமல் சேவ் செய்யுங்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருநாள் பிரவுசரை மூடிவிட்டேன். அவள் போட்டிருந்த மெட்டு போனது போனதுதான். இருவரும் நினைவுபடுத்திப் பார்த்தும் பாதிக்கு மேல் வரவில்லை. அவள் அழுததைப் பார்த்த பிறகுதான் நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எந்த மெட்டு ஆனாலும் முதலில் ச ரி க என்று நோட்டில் எழுதிவிடுவோம். பிறகு கம்ப்யூட்டரில் சேவ்.

கீழே உள்ள சேவ் பட்டனைக் கிளிக் செய்தால் ஒரு லிங்க் கிடைக்கும். அதைக் காப்பி செய்து, குழந்தையின் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் ஒரு நோட்பேட் ஃபைலில் பேஸ்ட் செய்து வையுங்கள். பாட்டை மாற்றினால் மறுபடியும் சேவ் செய்ய வேண்டும். பழைய லிங்க்கில் பழைய பாட்டுதான் இருக்கும்.

அங்கேயே வேவ், மிடி என்று இரண்டு வகையில் டவுன்லோடு செய்யலாம். வேவ் ஃபைலில் இருப்பது ஒலி. ஆடியோ பிளேயரில் கேட்கவும், தாத்தா பாட்டிக்கு அனுப்பவும் இது ஏற்றது. மிடி ஃபைலில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். நம் நோட்டுப் புத்தகம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மிடி முறை 1983-லிருந்து புழக்கத்தில் உள்ளது. சிடி தரத்தில் 12 வினாடி ஸ்டீரியோ வேவ் ஃபைல் சுமார் 2 எம்.பி. இருக்கும். அதே பாட்டின் மிடி ஃபைல் சில நூறு பைட்டுகளில் அடங்கிவிடும்.

அடுத்து என்ன?

ஐந்து சுரத்தில் நாலைந்து மெட்டுகள் போட்ட பிறகு, ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பீட்ஸ் பர் பார் என்பதை 3 ஆக்கினால் நடையே மாறிவிடும். அது பழகியதும் ஸ்கேலை மேஜருக்கு மாற்றினால் ம, நி இரண்டும் வந்து சேரும். அவை எங்கே உரசுகின்றன, எங்கே அழகாக இருக்கின்றன என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும். இன்னும் ஆர்வம் இருந்தால் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச சாஃப்ட்வேரில் மிடி ஃபைலைத் திறந்து பாருங்கள். அவள் போட்ட மெட்டு மேற்கத்திய இசைக் குறியீடாகத் திரையில் தெரியும்.

ஒன்றை மனதில் வையுங்கள். சாங் மேக்கரில் சுரங்கள் அசையாமல் நிற்கும். நம் சங்கீதத்தின் கமகம் இதில் வராது. ஆகவே மோகனத்தின் சுரங்களை வைத்துக்கொண்டு மோகன ராகமே பாடிவிட்டதாக நினைக்கக்கூடாது. ராகம் கற்க குரு வேண்டும். இது அதற்கு மாற்று அல்ல. "எனக்கும் மெட்டு வரும்" என்ற தைரியத்துக்கு மட்டுமே.

அந்தத் தைரியம் சிறிய விஷயம் இல்லை. போன மாதம் அவள் தன் இட்லிப் பாட்டை ஒலிக்கவிட்டு, கூடவே பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சுருதி சேர்ந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். செட்டிங்ஸை மாற்றிவிட்டு, உங்கள் குழந்தையிடம் பசித்தால் என்ன வேண்டும் என்று கேட்டு ஆரம்பியுங்கள். மவுஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள்!