மனு எங்கே நிற்கிறது?

கேள்வி: பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து மாதக்கணக்கில் பதிலே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? எப்படி எழுதுவது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. தமிழிலேயே எழுதுங்கள். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், தாலுகா அலுவலகம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. யாராவது கேட்டாலும் சொல்லாதீர்கள்.

கேள்வியை அமைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. “ஏன் தாமதம்?” என்று கேட்டால் மழுப்பலான ஒரு வரி வரும். அலுவலகத்தில் இருக்கும் பதிவைக் கேளுங்கள்: “இந்த எண்ணும் தேதியும் உள்ள என் மனு எந்தெந்த அலுவலரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது? கோப்புக் குறிப்புகளின் நகல் தேவை.” இப்படி ஒரு கடிதம் வந்ததுமே, தூங்கிய கோப்பு நகர்வதுண்டு.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இடம் மாறி அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம், உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால், 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.