புற ஊதா ஒளியும் கொல்லாமை நோன்பும்

ஜைன அறநூல்கள் ஹிம்சையை உயிர் நீங்குதல் என்னும் புறநிகழ்ச்சி கொண்டு மட்டும் அளப்பதில்லை. பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையே அதன் வேர் என்பர். இல்லறத்தார்க்கு ஹிம்சையை நான்காக வகுத்து, சங்கல்பி ஹிம்சையை அறவே விலக்கி, ஆரம்பி, உத்யோகி, விரோதி ஆகிய மூன்றையும் இயன்றவரை குறைக்குமாறு விதித்தனர். மாணவர் விடுதியிலும், முதியோர் கூடும் சொற்பொழிவு மண்டபத்திலும் காற்றின் நோயணுக்களை ஒளியால் அழிக்கும் விளக்கைச் சிராவகர் பொருத்தலாமா? 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக்குப் பின் எழுந்துள்ள இவ்வினாவுக்கு விடை காண, முதலில் அவ்விளக்கு செயற்படும் முறையை அறிதல் வேண்டும்.

சூரிய ஒளி நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுக்கும் என்பதை டௌன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1877இல் காட்டினர். பாதரச ஆவி விளக்கு 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. இக்கதிர் நுண்ணுயிரின் மரபுப் பொருளைச் சிதைப்பதால், அது பெருகும் ஆற்றலை இழக்கிறது. 'கொல்லவில்லை, பெருகாமல் தடுக்கிறோம்' என்று இதனைச் சிலர் விளக்கக்கூடும். அது சொல்லால் தப்பும் வழியே அன்றி வேறில்லை. நுண்ணுயிர்களை எவ்வகை உயிருள் அடக்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டெனினும், அவை உயிரே எனக் கொண்டு மேற்செல்வதே நமக்குத் தகும்.

அமெரிக்க அறிஞர் வில்லியம் வெல்ஸ், ஃபிலடெல்ஃபியாப் பகுதிப் பள்ளிகளில் வகுப்பறைகளின் மேற்பகுதியில் இவ்விளக்குகளைப் பொருத்தினார். 1941இல் தட்டம்மை பரவியபோது, விளக்குள்ள வகுப்புகளில் நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. பிறவிடங்களில் செய்த சோதனைகள் அத்துணைப் பயன் தரவில்லை. பிள்ளைகள் பேருந்திலும் பிறவிடங்களிலும் ஒன்றுகூடினர் அல்லவா! பின்னர் ரைலி என்பார் பால்டிமோர் நகரில், காசநோயாளர் அறையின் காற்றைக் கினிப்பன்றிகள் வாழும் கூடங்களுக்குச் செலுத்தினார். ஒளி படாத காற்றைச் சுவாசித்தவை பல நோயுற்றன. ஒளி பட்ட காற்றைச் சுவாசித்தவை நோயுறவில்லை. பெரு நாட்டின் லிமா நகரிலும் இத்தகைய சோதனை நிகழ்ந்து, 2009இல் வெளியாயிற்று. ஆங்கு ஒளியில்லாக் கூட்டத்தில் 35 விழுக்காடும், ஒளி பெற்ற கூட்டத்தில் 9.5 விழுக்காடும் தொற்றுக்கு ஆளாயின. இவ்வறிவு ஐந்தறிவு உயிர்களின் துன்பத்தால் விளைந்தது என்பதனை நாம் மறைத்துப் பேசுதல் கூடாது.

இனிப் பாதுகாப்பு. 254 நானோமீட்டர்க் கதிர் கண்ணின் மேற்படலத்தைப் புண்ணாக்கும். தோலைச் சிவக்கச் செய்யும். 8 மணி நேரத்தில் கண்ணுக்கு ஏற்கத்தக்க அளவு, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 மில்லிஜூல் மட்டுமே. ஆதலின் விளக்கைத் தரையிலிருந்து 7 அடிக்குக் குறையாத உயரத்தில், ஒளி கீழிறங்காவண்ணம் தகடுகளால் மறைத்துப் பொருத்துவர். மேலே கதிர் பட்ட காற்று கீழும், கீழுள்ள காற்று மேலும் செல்ல விசிறி மெல்லச் சுழல வேண்டும். கூரை தாழ்ந்த அறைக்கு இம்முறை ஆகாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தாலும் இதன் வலிமை குன்றும். பொருத்தியபின், மாந்தர் அமரும், நிற்கும் இடங்களில் கதிரின் அளவைக் கருவி கொண்டு அளத்தல் இன்றியமையாதது. கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. மறைப்பின்றிக் கையில் ஏந்தி அசைக்கும் மலிவு விளக்குகளை வாங்காதிருத்தலே நன்று.

222 நானோமீட்டர் அலைநீளம் தரும் கிரிப்டான் குளோரைடு விளக்குகளும் இப்பொழுது உள்ளன. இக்கதிர் தோலின் இறந்த மேலடுக்கிலும் கண்ணீர்ப் படலத்திலும் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதால், மக்கள் இருக்கும் அறையிலேயே எரிக்கத்தக்கது. இதற்குக் கண்ணுக்குரிய வரம்பு 2022இல் சுமார் 160 மில்லிஜூலாக உயர்த்தப்பட்டது. எனினும் இது சிறிதளவு ஓசோன் வாயுவை உண்டாக்கும். சாளரம் அடைத்த சிற்றறையில் அது தீங்காகும்.

இவற்றைச் சீர்தூக்கின், காற்றோட்டத்தால் தீரும் இடத்தில் விளக்கு வேண்டுவதில்லை. சாளரங்களைத் திறத்தலும், இருமுவோர் வாயை மறைத்தலும், நோயுற்றோர் இல்லத்தில் தங்குதலும் முதற்கடன். காற்றோட்டம் போதாத விடுதியில் காசநோய் பரவும் அச்சம் இருப்பின், மேலறை விளக்கை விரோதி ஹிம்சையின்பாற் படுத்தி ஏற்கலாம் என்பது எம் துணிபு. பிறர் உயிரைக் காக்கும் நோக்கமும், அளவறிந்து பயன்படுத்தும் விழிப்பும் ஆங்கு உள. விளம்பரம் கண்டு தேவையின்றி மாட்டுவதற்கு அவ்விலக்கு இல்லை.

பொருத்துவோர் மேலும் சிலவற்றைக் கருதுக. விளக்கொளி இரவில் பூச்சிகளை ஈர்க்கும். எனவே சாளரங்களுக்கு நெருங்கிய வலை இடுக, ஆளில்லாப் பொழுதில் அணைத்திடுக. ஏட்டுச்சுவடிகளும் சுவரோவியங்களும் இக்கதிரால் நிறமும் வலிவும் குன்றுமாதலின், அவை உள்ள இடத்தில் விளக்கு வேண்டா. பழுதுற்ற பாதரசக் குழாயை உடைத்து எறியாது, அபாயக் கழிவு பெறுவோரிடம் சேர்ப்பித்திடுக.